பாதையில்லா நாட்டின் பனி வீரர்

விழிஞ்ஞம் கரையில் வலை இழுப்போரிடம் பனிச்சறுக்கைப் பற்றிப் பேசினால் நகைப்பர். எனினும், அதே கேரள நாட்டின் வடபால் உள்ள தலச்சேரியைச் சேர்ந்த தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் 1981-ஆம் ஆண்டில் பிறந்த சிவ கேசவன், ஆறு குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களில் ஓடியவர்.

இமயத்தில் மணாலியை அடுத்து வளர்ந்த அவர், முதலில் பனிச்சறுக்குப் பழகி, பின்னர் 'லூஜ்' பந்தயத்தை மேற்கொண்டார். சிறு சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்து, கால்களை முன்னிட்டு, பனிக்கட்டி வாய்க்காலில் மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்வது இது. வண்டிக்குத் தடைக்கருவி கிடையாது. கெண்டைக்காலின் அழுத்தமும் தோளின் அசைவுமே சுக்கான்.

நம் நாட்டில் அதற்குரிய பந்தயப் பாதை இல்லை. ஆகவே வண்டிக்குச் சக்கரம் பூட்டி, லாரிகள் செல்லும் மலைச்சாலைகளிலேயே பயின்றார். 1998-ஆம் ஆண்டில் நாகானோவில், பதினாறு வயதில், 28-ஆவதாக வந்தார். 2006-ஆம் ஆண்டில் தூரினில் 25-ஆவதாக வந்தார். 2011, 2012 ஆண்டுகளில் ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார்.

2014-ஆம் ஆண்டில் சோச்சியில் நேர்ந்ததோ வேறு. இந்திய ஒலிம்பிக் சங்கம் விலக்கி வைக்கப்பட்டிருந்தமையால், அவர் மூவர்ணக் கொடியின்றி ஒலிம்பிக் கொடியின் கீழ் ஓடினார். அவரது பந்தயம் பிப்ரவரி 9-ஆம் நாள் முடிந்தது. தடை 11-ஆம் நாள் நீங்கிற்று. 2018-ஆம் ஆண்டில் பியோங்சாங்கில் 34-ஆவதாக வந்து ஓய்வு பெற்றார்.

ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பதக்கங்களை எண்ணும் நாம், ஓடுவதற்குப் பாதை அமைத்துக் கொடுத்தோமா என்பதையும் எண்ணிப் பார்த்தல் நலம்.