தொலைநிலையில் திரைப்படக் கல்வியும் அரசு நிதியும்

திரைப்படம் தமிழ்நாட்டில் மிகப் பரவலான கலை. ஆயினும் அதை அரசுச் செலவில் கற்பிக்கும் நிறுவனங்கள் மிகச் சில. அவையும் பெருநகரங்களில் உள்ளன. கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களின் மாணவர்களுக்குத் தொலைநிலைக் கல்வியும் இணையவழிக் கல்வியுமே எளிதில் எட்டக்கூடிய வழிகள். அந்த வழிக்கான செலவை யார் ஏற்பது என்பதற்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாறு சில பாடங்களைத் தருகிறது.

சிதம்பரத்தின் அனுபவம்

ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதன் வளர்ச்சியாக 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. 1979-இல் அங்குத் தொலைநிலைக் கல்வி தொடங்கப்பட்டது. ஊரை விட்டு வர இயலாத வேலை செய்வோரும் பெண்களும் இதன் வழியே பட்டம் பெற்றனர்.

இக்கல்வி பெரும்பாலும் மாணவர் கட்டணத்தையே நம்பி நடந்தது. கட்டண வருவாய் நிலையானதன்று. ஊழியர் எண்ணிக்கை மிகுந்து பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்கியபோது, 2013 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஒரு நிர்வாகியை நியமித்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட புதிய சட்டத்தின்படி பல்கலைக்கழகம் அரசின் பொறுப்புக்கு வந்தது. மிகை ஊழியர் பலர் பிற அரசுக் கல்லூரிகளுக்கும் துறைகளுக்கும் அனுப்பப்பட்டனர். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தம் மாநில எல்லைக்கு வெளியே தொலைநிலைப் படிப்பு நடத்தலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவுறுத்தியதும் 2013-இல்தான். வெளிமாநிலக் கட்டணத்தை நம்ப முடியாத நிலை இதனால் உருவானது.

திரைப்படக் கல்வியில் அரசின் பங்கு

சென்னையில் 1945-இல் மத்தியப் பாலிடெக்னிக்கின் ஒரு பகுதியாகத் திரைப்படத் தொழில்நுட்பப் பயிற்சி தொடங்கியது. அதுவே இன்றைய எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். மைய அரசு 1960-இல் புனேயிலும் 1995-இல் கொல்கத்தாவிலும் திரைப்பட நிறுவனங்களை அமைத்தது. படக்கருவி, ஒலிப்பதிவுக்கூடம், படத்தொகுப்பு அறை ஆகியவற்றின் செலவு அதிகம். ஆகவே இடங்களும் குறைவு.

தொலைவில் இருப்போருக்கான முயற்சியும் பொதுநிதியிலேயே பிறந்தது. 1984 ஆகஸ்டு 15 அன்று மானியக் குழு தொலைக்காட்சி வழியே உயர்கல்வி ஒளிபரப்பைத் தொடங்கியது. 2017 ஜூலையில் சுவயம் தளம் வந்தது. இதில் பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டுவோர் தேர்வுக் கட்டணம் மட்டும் செலுத்த வேண்டும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் திரைப்பட ரசனைப் பாடம் ஒன்றை மைய அரசின் நிதியில் இணையவழி வழங்கியுள்ளது. ஆனால் அது ஆங்கிலத்தில் அமைந்தது.

செலவு எங்கே?

ஒளிப்பதிவு போன்ற செய்முறைகளை இணையத்தில் முழுமையாகக் கற்பிக்க இயலாது. திரைப்பட வரலாறு, ரசனை, திரைக்கதை ஆகியவற்றைக் கற்பிக்கலாம். அதற்கும் செலவு உண்டு. பாடம் எழுதும் ஆசிரியர், பதிவுக்கூடம், விடைத்தாள் திருத்தம் ஆகியவற்றோடு படங்களின் காட்சியுரிமையும் சேரும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையோர் மட்டும் பார்வையாளராக இருக்கும்போது கல்வி நிறுவனம் திரைப்படத்தைக் காட்டலாம். எல்லோருக்கும் திறந்த இணையப் பாடத்தில் இந்த வரம்பு பொருந்தாது.

மாவட்ட மாணவர்களின் வாய்ப்பு

2021-இல் செய்யப்பட்ட சட்ட மாற்றத்தால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் வந்தன. ஒரு படிப்பின் மதிப்பெண் அலகுகளில் 40 விழுக்காடு வரை சுவயம் பாடங்களால் ஈட்ட மானியக் குழுவும் அனுமதித்துள்ளது. எனவே தமிழில் ஒரு திரைப்படப் பாடம் ஒருமுறை பொதுநிதியில் உருவானால், பல கல்லூரிகளின் மாணவர்கள் அதைத் தம் பட்டப்படிப்பின் பகுதியாகவே கற்கலாம். அதைக் கட்டணத்தை மட்டும் நம்பித் தொடங்கினால், சேர்க்கை குறையும் ஆண்டில் முதலில் நிறுத்தப்படுவது இத்தகைய சிறு பாடமாகவே இருக்கும்.