முப்பத்தாறு பேரின் பசி

1944 நவம்பரில், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்துக்கு அடியில் இருந்த அறைகளில் 36 இளைஞர்கள் குடியேறினார்கள். 22 வயதிலிருந்து 33 வயது வரை, எல்லோரும் நல்ல ஆரோக்கியம். எல்லோரும் போருக்குப் போக மாட்டேன் என்று சொன்னவர்கள். குவேக்கர், மென்னோனைட், பிரெத்ரன் என்று கொலையை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். துப்பாக்கி ஏந்த மறுத்த இவர்களை அரசு சம்பளமில்லாத பொதுப்பணிக்கு அனுப்பியிருந்தது. அங்கேதான் ஒரு துண்டறிக்கை அவர்கள் கைக்கு வந்தது. கையில் கிண்ணத்தோடு மூன்று குழந்தைகள் நிற்கும் படம். இவர்கள் நன்றாகச் சாப்பிடுவதற்காக நீங்கள் பட்டினி கிடப்பீர்களா என்பது அதன் கேள்வி. நூற்றுக்கணக்கானவர்கள் கை தூக்கினார்கள். உடலும் மனமும் உறுதியானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இந்த 36 பேர்.

அழைத்தவர் ஆன்செல் கீஸ் என்ற உடலியங்கியல் ஆய்வாளர். அமெரிக்கப் படைவீரர்கள் போர்க்களத்தில் சாப்பிட்ட ‘கே ரேஷன்’ பொட்டலத்தை வடிவமைத்தவர். 1944-ல் உலகம் முழுக்கப் பசிதான் பெரிய செய்தி. லெனின்கிராட் முற்றுகையில் மக்கள் பட்டினியால் செத்திருந்தார்கள். வங்கத்தில் 1943-ல் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். போர் முடிந்ததும் ஐரோப்பாவில் எலும்பும் தோலுமாக நிற்கப்போகிறவர்களுக்கு என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்படிக் கொடுப்பது? அன்றைக்கு யாரிடமும் சரியான பதில் இல்லை. அதைக் கண்டுபிடிக்க, நல்லா இருக்கிற ஆட்களைப் பட்டினி போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

முதல் 12 வாரம் நல்ல சாப்பாடு, நாளைக்கு ஏறக்குறைய 3,200 கலோரி. 1945 பிப்ரவரி 12-லிருந்து 24 வாரம் அரைப்பட்டினி. தினம் இரண்டே வேளை. உருளைக்கிழங்கு, டர்னிப், முட்டைக்கோஸ், கோதுமை ரொட்டி, மக்ரோனி. போர்க்கால ஐரோப்பாவில் கிடைக்கக்கூடியவை இவைதான் என்று கீஸ் கணக்குப் போட்டிருந்தார். அதோடு வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் எடையில் கால் பங்கை இழக்க வேண்டும் என்பது இலக்கு. மெதுவாக இளைத்தவர்களுக்கு ரொட்டித் துண்டு குறைந்தது. வேகமாக இளைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு கூடியது.

இந்த அரைப்பட்டினிக் காலத்தில் அவர்கள் சாப்பிட்டது சராசரியாக நாளுக்கு 1,570 கலோரி.

இந்த எண்ணை முதன்முதலில் படித்தபோது அங்கேயே நின்றுவிட்டேன். எடை குறைக்க இன்று நாம் போனில் இறக்கிக்கொள்ளும் ஆப்கள் பலருக்கும் 1,500-ஐ ஒட்டிய ஓர் எண்ணைத்தான் கொடுக்கின்றன. கீஸின் ஆட்கள் ஏற்கெனவே ஒல்லியானவர்கள், நிறைய நடந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு அது பட்டினி. உட்கார்ந்து வேலை செய்யும், சேமித்த கொழுப்பு நிறைய உள்ள ஒருவருக்கு அதே 1,500 அந்தளவுக்கு ஆபத்தில்லை. ஆனாலும் ஆய்வகத்தில் ‘அரைப்பட்டினி’ என்று எழுதிவைத்த அளவு, 80 வருஷத்தில் ‘ஆரோக்கியமான இலக்கு’ என்ற பெயரில் நம் கைக்கு வந்திருக்கிறது.

சராசரியாக 69 கிலோவில் இருந்தவர்கள் 53 கிலோவுக்கு வந்தார்கள். கோடையிலும் குளிர் தாங்காமல் போர்வை கேட்டார்கள். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 35 வரை இறங்கியது. சதை கரைந்து போனதால் மர நாற்காலியில் உட்கார்ந்தால் வலித்தது, போகிற இடமெல்லாம் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றல் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. உடல் சிறுத்ததால் செலவு குறைந்தது ஒரு பகுதி. மீதி, இருக்கிற திசுக்களே வேலையைச் சுருக்கிக்கொண்டதால் வந்தது.

மனசு போன போக்கு இன்னும் விசித்திரம். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. இலக்கியம் படித்துக்கொண்டிருந்தவர்கள் சமையல் புத்தகங்களை வாங்கி அடுக்கினார்கள். கொடுத்த உருளைக்கிழங்கைத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து இரண்டு மணி நேரம் தின்றார்கள், தட்டை நக்கினார்கள். சிலர் நாள் முழுக்கச் சூயிங்கம் மென்றார்கள், கீஸ் அதற்கு ஒரு வரம்பு வைக்க வேண்டியிருந்தது. பெண்கள் மீதிருந்த ஆசை அடங்கிப்போனது. வெளியே போனால் எதையாவது தின்றுவிடுவார்கள் என்று துணைக்கு ஆள் இல்லாமல் போகக் கூடாதென்று விதி வந்தது. அப்படியும் சிலர் திருட்டுத்தனமாகத் தின்றார்கள். 36 பேரில் 32 பேர்தான் முழுதாக முடித்தார்கள்.

இங்கேதான் எனக்கு இந்த வரலாறு முக்கியமாகிறது.

அலுவலகத்தில் எங்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை எடை குறைக்கும் போட்டி நடக்கும். மூன்று மாதத்தில் யார் அதிகம் குறைக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. ஒரு வருஷம் ஜெயித்த நண்பர் அடுத்த வருஷமே பழைய எடையைத் தாண்டிவிட்டார். மதியச் சாப்பாட்டு மேசையில் ஒருத்தர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “என்ன பாஸ், போன தடவை குறைச்சதெல்லாம் வட்டியோட திரும்பி வந்துடுச்சா? வாயைக் கட்டத் தெரியணும்ங்க.” நண்பரும் சிரித்தார். அதன் பிறகு அவர் எங்கள் மேசைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

மினசோட்டாவில் இருந்தவர்களைவிட வாயைக் கட்டத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? ஊரே கோழை என்று திட்டியபோதும் கொள்கைக்காகப் போரை மறுத்தவர்கள். முன்பின் தெரியாத குழந்தைகளுக்காகப் பட்டினிக்கு ஒப்புக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான மேக்ஸ் கேம்பல்மேன், பின்னாளில் சோவியத் ஒன்றியத்துடன் அணு ஆயுதக் குறைப்புப் பேச்சுவார்த்தையில் அமெரிக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். இன்னொருவரான ஹென்றி ஷோல்பெர்க், மினசோட்டாவின் ஏம்ஸ் தெற்காசிய நூலகத்தைப் பல வருஷம் நடத்தியவர். உறுதியில் குறைவில்லாத இவர்களே தட்டை நக்கினார்கள் என்றால், பசிக்கும் உறுதிக்கும் நாம் போட்டுவைத்திருக்கும் கணக்கில் ஏதோ இடிக்கிறது.

மென்பொருள் எழுதுகிறவனாக எனக்கு அந்தக் கணக்கின் கவர்ச்சி புரிகிறது. உள்ளே போவது கழித்தல் வெளியே போவது, மிச்சம் எடை. ஒரே வரியில் எழுதிவிடலாம். அந்த வரி தப்பும் இல்லை, ஆற்றல் எங்கேயும் மாயமாய் மறைவதில்லை. சிக்கல் என்னவென்றால், இரண்டு எண்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. உள்ளே போவதைக் குறைத்தால் வெளியே போவதும் தானாகக் குறைகிறது, பசி ஏறுகிறது. அறையின் சூட்டைப் பார்த்து ஏசி தன்னைக் கூட்டிக் குறைப்பது போல, உடலும் தன் சேமிப்பைப் பார்த்து முடிவெடுக்கிறது. அந்தச் சேமிப்பின் அளவை மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்களில் ஒன்று லெப்டின். அதை ஜெஃப்ரி ஃப்ரீட்மேனின் குழு கண்டுபிடித்தது 1994-ல், கீஸின் சோதனை தொடங்கி அரை நூற்றாண்டுக்குப் பிறகு.

1945 ஜூலை கடைசியில் அரைப்பட்டினி முடிந்தது. அடுத்த 12 வாரம் குழு குழுவாகப் பிரித்து, வெவ்வேறு அளவில் சாப்பாட்டைக் கூட்டினார்கள். குறைவாகக் கூட்டியவர்கள் தேறவே இல்லை. மெலிந்த ஓர் உடல் தேற வேண்டுமானால் நாளைக்குச் சுமார் 4,000 கலோரி வேண்டும் என்று கீஸ் முடிவுக்கு வந்தார். கட்டுப்பாடு நீங்கியதும் அவர்கள் சாப்பிட்ட சாப்பாடு பயமுறுத்தும்படி இருந்தது. வயிறு வெடிக்கிற மாதிரி நிரம்பியும் பசி போகவில்லை என்றார்கள். இழந்த தசை முழுதாகத் திரும்புவதற்கு முன்பே கொழுப்பு பழைய அளவைத் தாண்டியது. பலர் சோதனைக்கு முன்பிருந்ததைவிட அதிக எடைக்குப் போய், மாதக்கணக்கில் கழித்துத்தான் பழைய நிலைக்கு வந்தார்கள். என் நண்பரின் ‘வட்டியோடு திரும்பிய’ எடைக்கு 1945-லேயே பதிவு இருக்கிறது.

2016-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால், எடை குறைக்கும் ஒரு டிவி போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்து அளந்து பார்த்தார். போட்டியில் சராசரியாக 58 கிலோ இழந்தவர்கள், 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அவர்கள் உடல் சும்மா இருக்கும்போது செலவழித்த ஆற்றலோ, அந்த உடலளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவு. ஆறு வருஷம் ஆகியும் உடல் சிக்கனத்தை விடவில்லை.

அப்படியானால் என்ன சாப்பிட்டாலும் ஒன்றுதானா? இல்லை. அதே ஹால் 2019-ல் 20 பேரை நான்கு வாரம் மருத்துவமனையிலேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய பாக்கெட் உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. முன்னால் வைத்த சாப்பாட்டில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம், வேண்டுமளவு தின்னலாம். பாக்கெட் உணவு வாரங்களில் அவர்கள் நாளுக்கு 500 கலோரி அதிகம் தின்றார்கள், 0.9 கிலோ கூடினார்கள். சமைத்த உணவில் அதே அளவு குறைந்தார்கள். அதே ஆட்கள், அதே மன உறுதி. மாறியது தட்டு மட்டும்தான்.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் எனக்குக் கிடைப்பது இதுதான். உடம்பை மிரட்டி வேகமாக இளைக்க வைத்தால் அது திருப்பி அடிக்கும். எடுத்துச் சாப்பிட என்ன கிடைக்கிறது என்பதை மாற்றினால், யாரும் வாயைக் கட்டாமலேயே அளவு மாறுகிறது. அலுவலக உணவகத்தில் எதை வைப்பது, பள்ளி வாசலில் எது விற்கலாம், வீட்டில் யார் சமைக்கிறார்கள், அதற்கு அவர்களுக்கு நேரம் இருக்கிறதா என்பதெல்லாம் தனி ஆளின் மன உறுதியைவிடப் பெரிய கேள்விகள். மேசையில் ஒருத்தரைக் கிண்டல் செய்வது இவற்றைவிடச் சுலபம், அவ்வளவுதான்.

கீஸ் தன் முடிவுகளை 1950-ல், 1,300 பக்கங்களைத் தாண்டும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அதற்குள் போர் முடிந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஆனால் நிவாரணப் பணியாளர்களுக்கான சிறு கையேடு ஒன்று 1946-லேயே வந்துவிட்டது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் பழைய கணக்குக்கு ‘பி.எம்.ஐ.’ என்று பெயர் வைத்தவரும் இதே கீஸ்தான், 1972-ல். அந்தக் கணக்கைப் போட்டவர் 19-ஆம் நூற்றாண்டின் பெல்ஜியக் கணிதவியலாளர் கெட்லே. நம் மருத்துவப் பரிசோதனை அறிக்கையில் சிவப்பு மையில் வரும் எண் அது. பெயர் வைத்தவரின் ஆய்வுகளில் அந்த எண் மட்டும் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது, பட்டினி பற்றிய 1,300 பக்கங்கள் வரவில்லை.

2003, 2004-ல் இரண்டு ஆய்வாளர்கள் அந்த 36 பேரில் உயிரோடிருந்த 18 பேரைத் தேடிப் பேசினார்கள். எல்லோரும் 80 வயதை எட்டியவர்கள், தாண்டியவர்கள். பசியின் ஞாபகம் அவர்களிடம் அப்படியே இருந்தது. உடல் தேற ஆன காலம் கீஸ் எழுதியதைவிட நீண்டது என்று பலர் சொன்னார்கள். மறுபடி கேட்டால் செய்வீர்களா என்ற கேள்விக்கு அவர்களில் பெரும்பாலானோர் சொன்ன பதில், செய்வோம் என்பதுதான்.