சக்தி சில்லில் லினக்ஸ் எழுந்த கதை

புது ப்ராசஸர் ஒன்று வந்துவிட்டது என்று செய்தி வந்தால், வேகம் எவ்வளவு, எத்தனை நானோமீட்டர் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். என் கேள்வி வேறு: அதில் லினக்ஸ் பூட் ஆச்சா?

2018-ல் சென்னை ஐஐடியிலிருந்து "ஆச்சு" என்று பதில் வந்தது. பேராசிரியர் காமகோடியின் சக்தி குழு வடிவமைத்து, இன்டெல்லின் ஓரிகான் ஆலையில் 22 நானோமீட்டரில் உருவான ரைஸ்கிரீக் சில்லில் லினக்ஸ் எழுந்தது. சில மாதங்களில், சண்டிகர் செமிகண்டக்டர் ஆலையில் 180 நானோமீட்டரில் செய்த ரிமோவிலும் எழுந்தது.

இது எப்படிச் சாத்தியமானது என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போகணும்.

யூனிக்ஸ் முதலில் அசெம்பிளியில், ஒரே வகை மெஷினுக்காக எழுதப்பட்டது. 1973-ல் அதை சி மொழியில் திருப்பி எழுதினார்கள். அதனால்தான் 1977-ல் ஆஸ்திரேலியாவின் வொலொங்காங் பல்கலைக்கழகத்தில் அதை இன்டர்டேட்டா 7/32-க்குக் கொண்டுபோக முடிந்தது. பெல் லேப்ஸிலும் அதே காலத்தில் 8/32-க்கு மாற்றினார்கள். லினக்ஸும் 1991-ல் 386-க்கு மட்டும்தான் பிறந்தது. லினஸ் ஆல்ஃபா ப்ராசஸருக்குக் கொண்டுபோனபோதுதான், பொதுவான கோடு ஒரு பக்கம், ப்ராசஸருக்கு உரியது இன்னொரு பக்கம் என்று ஒழுங்காகப் பிரிந்தது. 1995-ல் வந்த 1.2-ல் ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் மூன்றும் இருந்தன.

எங்கள் தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரியும். 1934-ல் கல்லணைக் கால்வாய், அதாவது எங்கள் ஊர்ப் புது ஆறு, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கத்து மேட்டு நிலத்துக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோனது. நெல்லும் நாற்றங்காலும் நடவும் பழையதுதான். வாய்க்காலும் மதகும்தான் அந்த மண்ணுக்கேற்றபடி புதிதாக வேண்டியிருந்தது.

லினக்ஸ் மூலநிரலில் அந்த வாய்க்கால், மதகெல்லாம் 'ஆர்ச்' என்ற ஃபோல்டருக்குள் இருக்கின்றன. பேஜ் டேபிளை எப்படி அமைப்பது, இன்டரப்ட் வந்தால் எங்கே தாவுவது, ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எந்த ரெஜிஸ்டர்களைச் சேமிப்பது, இவ்வளவும் அங்கேதான். ஃபைல் சிஸ்டமும் நெட்வொர்க்கும் பெரும்பாலும் அப்படியே வந்துவிடும்.

சக்தி குழு சொந்தமாக ஒரு கட்டளைத் தொகுதியை உருவாக்கியிருந்தால், கம்பைலரிலிருந்து இந்த ஃபோல்டர் வரை எல்லாவற்றையும் தாங்களே எழுதிப் பராமரிக்க வேண்டியிருக்கும். அவர்கள் எடுத்துக்கொண்டது, 2010-ல் பெர்க்லியில் தொடங்கி யாரும் உரிமத்தொகை இல்லாமல் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ். அதற்கான லினக்ஸ் வேலையை உலகத்தில் வேறு பலரும் செய்துகொண்டிருந்தார்கள். அது 2018 ஜனவரியில் 4.15-ல்தான் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. அதுவும் அடிப்படைக் கோடு மட்டும். டைமர், இன்டரப்ட் கன்ட்ரோலர் டிரைவர்கள் சேர்ந்து பூட் ஆகும் நிலைக்கு வர, அக்டோபரில் 4.19 வரை ஆனது. அப்புறமும் ஒவ்வொரு போர்டுக்கும் பூட்லோடர், டிவைஸ் ட்ரீ என்று தனி வேலை உண்டு.

சுயசார்பு என்றால் எல்லாவற்றையும் நாமே செய்வது என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தக் கதை வேறு மாதிரி. சில்லை வடிவமைப்பது நம் கையில். மென்பொருள் எல்லோருக்கும் பொது. யாரும் நடுவில் மதகை அடைக்க முடியாது. சக்தியின் வடிவமைப்பும் பிஎஸ்டி உரிமத்தில் திறந்தே கிடக்கிறது. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ பொறியியல் படிக்கும் பிள்ளை இரண்டையும் இன்றைக்கே இறக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். நான் காலேஜ் படித்தபோது ப்ராசஸரின் உள்பக்கம் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு கட்டப்படம், அவ்வளவுதான்.