அடுப்பங்கரையில் ஓர் ஆலயம்

விண்ணரசின் மறைபொருளை விளக்க வந்த நம் ஆண்டவர், மாவில் புளிப்பு மாவைக் கலந்து வைத்த பெண்ணையும், காணாமற்போன காசுக்காக விளக்கேற்றி வீட்டைப் பெருக்கியவளையும், பழைய ஆடைக்கு ஒட்டுப்போடும் வழக்கத்தையும் எடுத்துக்காட்டினார். அவரே நாசரேத்தூரில் தச்சராக உழைத்தவர். ஆயினும், செபம் என்பது கோவிலுக்கும் துறவியர் மடங்களுக்கும் உரியது, அடுப்பங்கரையும் பட்டறையும் அதற்குத் தடை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. வேலை ஓயவில்லை, செபிக்க நேரமில்லை என்று மனம் நொந்துகொள்வோர் நம் பங்குகளில் பலர். அவர்களுக்கு ஆறுதலாகவும் நம் அனைவருக்கும் அறைகூவலாகவும் விளங்குபவர், 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மாநகரில் வாழ்ந்த ஒரு மடத்துச் சமையற்காரர்.

நிக்கோலா எர்மான் என்பது அவரது இயற்பெயர். லொரேன் பகுதியில், லூனெவில் நகருக்கு அருகிலுள்ள எரிமெனில் என்னும் சிற்றூரில் 1614-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். பதினெட்டு வயதில், குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து நின்ற மரமொன்றை அவர் கண்டார். இன்னும் சில நாள்களில் இது துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் அவருள் எழுந்தது. அக்கணமே இறைவனின் பராமரிப்பும் வல்லமையும் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. அந்த மரத்தை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

எனினும் அவரது பாதை உடனே மடத்திற்குச் செல்லவில்லை. அது முப்பதாண்டுப் போரின் காலம். படைவீரராகச் சென்ற அவரை எதிர்ப்படையினர் ஒற்றர் என்று பிடித்துத் தூக்கிலிடப்போவதாக மிரட்டினர். பின்னர் 1635-இல் ராம்பெர்வில்லே என்னுமிடத்தில் காயமுற்றார். அதன்பின் ஒரு பிரபுவின் வீட்டில் ஏவலராகச் சேர்ந்தார். கைபட்ட பொருளையெல்லாம் உடைத்துவிடும் பெரிய தடுமாற்றக்காரர் என்று தம்மைப் பற்றி அவரே பின்னாளில் சொல்லிக்கொண்டார்.

1640-இல் பாரிஸ் நகரின் வொழிரார் தெருவிலிருந்த காலணி அணியாத கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். குருத்துவம் பெறாத பணிச்சகோதரராக, 'உயிர்ப்பின் லாரன்ஸ்' என்னும் துறவுப்பெயர் பூண்டார். தம் தடுமாற்றங்களுக்கெல்லாம் இங்கே தக்க தண்டனை கிடைக்கும் என்று எதிர்பார்த்தே அவர் வந்தார். ஆனால் அங்கே கண்டது நிறைவையே என்பதால், கடவுள் தம்மை ஏமாற்றிவிட்டார் என்று அவர் சொல்வதுண்டாம்.

அவருக்குக் கிடைத்த பணி சமையல். இயல்பாகவே அவருக்குப் பிடிக்காத வேலை அது. அதில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் உழைத்தார். பிறகு சகோதரர்களின் செருப்புகளைத் தைத்துச் செப்பனிடும் பணி வந்தது. மடத்துக்குத் திராட்சை இரசம் வாங்க பர்கண்டிக்கும் அனுப்பப்பட்டார். வணிகத் திறமை அற்றவர்; கால் ஊனமுற்றவர். படகில் பீப்பாய்கள்மேல் உருண்டே இடம்விட்டு இடம் நகரவேண்டியிருந்தது. இது உமது வேலை என்று இறைவனிடம் சொல்லிவிட்டுச் சென்றார். வேலையும் செம்மையாய் முடிந்தது.

அவரது செபமுறை மிக எளியது. எந்த வேலையைத் தொடங்கும்போதும் இறைவனிடம் ஒரு சொல் பேசுவார். வேலைக்கிடையே அவரை நினைப்பார். முடிந்ததும் நன்றி கூறுவார். தவறியிருந்தால் மன்னிப்புக் கேட்டு, மனம் கலங்காமல் மீண்டும் தொடங்குவார். வாணலியில் முட்டையடையைப் புரட்டுவதும் தரையில் கிடக்கும் துரும்பை எடுப்பதும் அவருக்கு அன்பின் செயல்களாயின. சமையலறைச் சந்தடியிலும் நற்கருணைமுன் முழந்தாளிட்டிருக்கும் அமைதி தமக்கு உண்டு என்றார்.

இவ்வமைதி எளிதில் வந்ததன்று என்பதை நாம் கவனிக்கவேண்டும். தாம் மீட்படையமாட்டோம் என்னும் அச்சம் நான்கு ஆண்டுகள் அவரை வாட்டியது. நூல்கள் வகுத்த தியான முறைகளும் அவருக்குக் கைகூடவில்லை. தோல்வியுற்ற முறைகளை விட்டு, அன்பொன்றையே பற்றிக்கொண்ட பிறகே அவர் விடுதலை கண்டார்.

1666-இல் தொடங்கி, ஜோசப் தெ பொஃபோர் என்னும் குரு அவரைச் சந்தித்து உரையாடிக் குறிப்பெடுத்தார். 1691 பிப்ரவரி 12 அன்று லாரன்ஸ் இறையடி சேர்ந்தபின், அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் அக்குருவே 1692-லும் 1694-லும் வெளியிட்டார். ஆனால் அது 'செயலற்ற அமைதி' என்னும் தவறான போதனை கடும் விவாதத்துக்குள்ளான காலம். மொலினோஸ் 1687-இல் கண்டிக்கப்பட்டார். லாரன்சை மதித்துப் போற்றிய பேராயர் பெனலோனின் நூலும் 1699-இல் கண்டிக்கப்பட்டது. அந்த ஐயத்தின் நிழல் எளிய சமையற்காரரின் நினைவையும் மூடியது. நம் சபையில் அவர் பெயர் மங்கியபோது, சீர்திருத்தச் சபையினரே அவர் சொற்களைப் பேணிக் காத்தனர். ஜான் வெஸ்லி தம் 'கிறிஸ்தவ நூலகம்' என்னும் தொகுப்பில் அவற்றைச் சேர்த்தார். நம் வீட்டு விளக்கை அயல்வீட்டார் அணையாது காத்ததை நன்றியோடு நினைக்கவேண்டும்.

உண்மையில் லாரன்ஸ் சொன்னது புதிய போதனையன்று. சமையல் பாத்திரங்களுக்கிடையிலும் ஆண்டவர் உலவுகிறார் என்று அவிலா நகர்ப் புனித தெரேசா தம் சகோதரிகளுக்கு முன்னரே கற்பித்திருந்தார். இல்லறத்தாரும் தத்தம் நிலைக்கேற்பப் பக்தி வாழ்வு வாழ இயலும் என்பதைப் புனித பிரான்சிஸ் சலேசியார் 1609-இல் நூலாக எழுதினார். தூய வாழ்வுக்கான அழைப்பு அனைவருக்கும் உரியது என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய கோட்பாட்டுக் கொள்கைத் திரட்டில் பறைசாற்றியது. 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ், நம் அண்டைவீட்டிலேயே வாழும் புனிதரைப் பற்றி எழுதினார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். லாரன்ஸ் அப்பணியைத் தம் துறவற வாக்குறுதியின் பயனாக மனமுவந்து ஏற்றவர். விடியுமுன் எழுந்து, எல்லாரும் உறங்கியபின் படுக்கும் தாயிடம், அடுப்படியே உனக்குக் கோவில் என்று சொல்லிவிட்டு நாம் நாற்காலியில் சாய்ந்திருப்போமாயின், அது அவரது படிப்பினையை நமக்கு வசதியாகத் திரித்துக்கொள்வதாகும். பெத்தானியாவில் ஆண்டவர் மார்த்தாவின் உழைப்பைப் பழிக்கவில்லை. பலவற்றைப் பற்றிய அவளது கலக்கத்தையே சுட்டினார். அக்கலக்கத்தைக் குறைக்கும் கடமை வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் உண்டு. அவளும் சற்று நேரம் ஆண்டவரின் காலடியில் அமர வேண்டுமானால், யாரேனும் ஒருவர் பாத்திரத்தைக் கையிலெடுக்கத்தான் வேண்டும்.

லாரன்ஸ் வாழ்ந்த அம்மடத்தில் இன்று பாரிஸ் கத்தோலிக்கக் கல்விக்கழகம் இயங்குகிறது. அங்கே இறையியல் கற்பிக்கப்படுகிறது. முன்னொரு காலத்தில் அதே வளாகத்தில், கைதடுமாறும் நொண்டிச் சகோதரர் ஒருவர் வாணலியைப் பிடித்தபடியே இறைவனோடு பேசிக்கொண்டிருந்தார். இன்று மாலை நம் வீட்டில் கழுவப்படாமல் கிடக்கும் பாத்திரங்களை நாம் முணுமுணுக்காமல் எடுத்துக் கழுவுவோமானால், அவரது பள்ளியில் நாமும் முதல் பாடத்தைத் தொடங்கியவர்களாவோம்.