பாடுவோர் யார்? தமிழ்க் கத்தோலிக்கப் பாடகர் குழுவும் வழிபாட்டு மொழியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அச்சேறிய முதல் தமிழ் நூல் தமிழ் எழுத்தில் அமையவில்லை. 1554ஆம் ஆண்டு இலிசுபன் நகரில் வெளிவந்த ‘கார்டிலா’ எனும் செபநூல், தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் பெயர்த்துத் தந்தது. தமிழ் எழுத்தறியாதோர் தமிழில் செபிக்கவும் பிறரைச் செபிக்கச் செய்யவும் அது துணையாயிற்று. இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்த் திருப்பலிக்குப் பாடப் பயிலும் இளையோர் சிலரின் கைகளிலும் உரோமன் எழுத்தில் பெயர்க்கப்பட்ட தமிழ்ப் பாடல் தாள்களே உள்ளன. ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டுகள் இடைப்பட்ட இவ்விரு தாள்களுக்கும் இடையே, கூடிப் பயின்று பாடிய ஒரு சமூகத்தின் வரலாறு உண்டு.

தமிழ்க் கிறித்துவ இலக்கிய வரலாறு பெரும்பாலும் புலவர்களையும் நூல்களையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. வாரந்தோறும் கூடிப் பாட்டுப் பயிலும் பாடகர் குழு அவ்வரலாற்றில் போதிய இடம் பெறவில்லை. வழிபாட்டில் பாடும் உரிமையும் பொறுப்பும் எக்காலத்தில் யாரிடம் இருந்தன என்னும் வினாவை முன்வைத்து, அக்குழுவின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மணியோசையும் மனப்பாடமும்

1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிசு சவேரியார், அங்கு மேற்கொண்ட கற்பித்தல் முறையை 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் விவரித்துள்ளார். இருமொழியும் அறிந்தாரைக் கொண்டு செபங்களைத் தமிழில் பெயர்த்து, அவற்றைத் தாமும் மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் ஊரைச் சுற்றி வந்து மக்களைக் கூட்டினார். ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்வதே பாடமுறை. கற்ற சிறுவர்கள் வீடு திரும்பிப் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்க வேண்டும் எனவும் பணித்தார். ஏடின்றிச் செவிவழி கற்று, கற்றதை உடனே பிறருக்கு வழங்கும் இம்முறையே பிற்காலப் பாடகர் குழுவின் பயிற்சி முறைக்கும் அடிப்படை எனலாம்.

1578இல் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. மறைக்கல்வியும் தனிச் செபமும் தமிழில் வேரூன்றலாயின. ஆயினும் திருப்பலியின் மொழி இலத்தீனாகவே நீடித்தது. தமிழ்க் கத்தோலிக்கரின் இசை வாழ்வை நான்கு நூற்றாண்டுகளாக வடிவமைத்தது இவ்விருமையே.

கோயிலின் உள்ளும் புறமும்

இலத்தீன் திருப்பலியில் பாடல் ஒரு சிலரின் பணி. குருவும் பயிற்சி பெற்ற பாடகரும் பாடுகையில், மக்கள் செபமாலை சொல்லியோ மௌனமாகவோ உடனிருந்தனர். இலத்தீன் அறியாத பாடகர்கள் அதனைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதி மனப்பாடம் செய்தனர். பொருள் விளங்காவிடினும் ஓசை வழுவாது பாடுதலே அவர்தம் கடமையாக இருந்தது.

தமிழிசை பீடத்தைச் சூழ்ந்த பிற இடங்களில் செழித்தது. வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’ 3615 பாடல்களைக் கொண்ட காப்பியம். அவர்தம் ‘திருக்காவலூர்க் கலம்பகம்’ ஒரு திருத்தலத்தையே பாட்டுடைப் பொருளாக்கியது. கோவாவிலிருந்து 1705இல் இலங்கை சென்ற யாக்கோமே கொன்சால்வெசு அடிகளாரின் ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலப் பக்தி முயற்சியில் நிலைபெற்றது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் (1826–1889) கீர்த்தனைகள் கருநாடக இசை மேடைவரை சென்றன. தேர்ப்பவனி, பாசுக்கு நாடகம், ஒப்பாரி முதலியவற்றில் மக்கள் தம் மொழியில் வாய்திறந்து பாடினர். கத்தோலிக்கர் ஒருவர் இயற்றிய கீர்த்தனையைக் கச்சேரியில் கேட்க முடிந்தது. அவர் பங்கேற்ற திருப்பலியிலோ இலத்தீனே ஒலித்தது. இம்முரண் சிந்திக்கத்தக்கது.

திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22ஆம் நாள், அதாவது இசைக்குப் பாதுகாவலியாகப் போற்றப்படும் புனித செசிலியாவின் திருநாளில், வெளியிட்ட ஆணை இவ்வெல்லையை மேலும் தெளிவாக வரைந்தது. கிரகோரியப் பாடலே வழிபாட்டு இசையின் முன்மாதிரி என அது வலியுறுத்தியது. பியானோவும் முரசு போன்ற பேரொலிக் கருவிகளும் கோயிலினுள் தடைசெய்யப்பட்டன. வாத்தியக் குழு வெளிப் பவனியில் ஆயரின் இசைவோடு இடம்பெறலாம். வழிபாட்டுப் பாடகர் பணி திருப்பணி எனக் கருதப்பட்டமையால் பெண்கள் அதில் சேர இயலாது எனவும் அவ்வாணை விதித்தது. முரசும் பெண்குரலும் வழிபாட்டு இசையின் எல்லைக்குப் புறத்தே நின்றன.

சாதிப் பிரிவினையையும் ஈண்டு மறைத்தல் இயலாது. வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயில், வெவ்வேறு சாதியார் தனித்தனியே அமர்ந்து ஒரே பீடத்தை நோக்கும் வகையில் இரு கைகளாகப் பிரித்துக் கட்டப்பட்டது. இடையே நின்ற தடுப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகற்றப்பட்டபோது பெரும் பூசலும் வழக்கும் எழுந்தன. ஒரே அறையில் அமர்ந்து ஒரே பாடலைப் பயிலுதல் எத்துணைப் பெரிய சமூக மாற்றம் என்பதை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

1963 முதல் 1969 வரை

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 திசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, தாய்மொழிக்கு இடமளித்தது. அது இலத்தீனை நீக்கவில்லை. கிரகோரியப் பாடலுக்குரிய முதன்மையையும் மறுக்கவில்லை. ஆயினும் பாடகர் குழுக்களைப் பேணி வளர்க்கப் பணித்த 114ஆம் பிரிவு, மக்களும் தமக்குரிய பகுதியைப் பாடும் நிலை வேண்டும் என்றது. மறைபரப்பு நாடுகளின் இசை மரபுகளை உரிய மதிப்போடு ஏற்குமாறு 119ஆம் பிரிவு வலியுறுத்தியது.

இக்கொள்கையைச் செயல்முறைப்படுத்த 1967 மார்ச் 5ஆம் நாள் வெளிவந்த அறிவுரை பாடகர் குழுவின் இலக்கணத்தையே மாற்றியது. பாடவேண்டியவை அனைத்தையும் குழுவே பாடி மக்களை முற்றாக விலக்கும் வழக்கம் ஏற்கத்தக்கதன்று எனக் கூறிய அவ்வறிவுரை, நன்கு பாடுதலோடு மக்களைப் பாடவைத்தலையும் குழுவின் கடமையாக்கியது. ஆடவரும் பெண்டிரும் இணைந்த குழுவும், பெண்கள் மட்டுமே அமைந்த குழுவும் ஏற்கப்பட்டன.

புதுவையைச் சேர்ந்த து.சா. அமலோர்பவதாசு அடிகளார் 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுவத்தை நிறுவினார். அஞ்சலி, ஆரத்தி, தரையில் அமர்தல், குத்துவிளக்கு முதலியவற்றை உள்ளடக்கிய பன்னிரு கூறுகளுக்கு 1969இல் உரோமை இசைவளித்தது. இவற்றை வரவேற்றோரும் எதிர்த்தோரும் உண்டு. இலத்தீனோடு வளர்ந்த மூத்த பாடகர்க்கு இம்மாற்றம் ஓர் இழப்பாகவும் இருந்திருக்கும் என்பதை வரலாற்றாளர் மறத்தலாகாது. பல்லாண்டு உழைத்து மனத்தில் ஏற்றிய பாடல்கள், சில ஆண்டுகளிலேயே அன்றாடப் பயன்பாட்டிலிருந்து விலகின.

பல்லவியும் பதிலுரையும்

புதிய கடமைக்கேற்ற பாடல் வடிவம் தமிழில் முன்னரே இருந்தது. 1969இல் புதுப்பிக்கப்பட்ட வாசக ஒழுங்கில் முதல் வாசகத்தை அடுத்து வரும் பதிலுரைப்பாடலின் அடிகளைப் பாடகர் பாட, பதிலுரையை மக்கள் ஒவ்வொரு முறையும் திரும்பப் பாடுவர். கீர்த்தனையிலோ சரணந்தோறும் பல்லவி திரும்ப வரும். முன்னோர் பாடப் பின்னோர் ஏற்கும் பசனை மரபும் இத்தகையதே. பல்லவியை மக்களுக்கும் சரணத்தைக் குழுவுக்கும் வகுத்தபோது, உரோமை கேட்ட பங்கேற்பும் தமிழிசையின் கட்டமைப்பும் இயல்பாகப் பொருந்தின. மேலைநாட்டுப் பல்குரல் இசையை முதன்மையாகக் கொள்ளாது ஒரே மெட்டில் அனைவரும் பாடும் வழக்கமும் இதற்கு உதவியது.

வாராந்திரப் பயிற்சியின் தேவையையும் இம்மாற்றமே மிகுவித்தது. முன்னர்த் திருப்பலியின் மாறாப் பகுதிகளுக்குரிய சில பாடல்களைக் கற்றால் அவற்றை நெடுங்காலம் பயன்படுத்தலாம். புதிய ஒழுங்கில் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் அமைவதால், பதிலுரைப்பாடலும் அதற்கேற்ப மாறுகிறது. தவக்காலத்தில் அல்லேலூயா இல்லை. பாசுக்காத் திருவிழிப்பிலோ பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. ஒவ்வொன்றுக்கும் உரிய பாடலும் உண்டு. எனவே ஆர்மோனியத்தைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் பாடிக்காட்ட மற்றவர் ஏற்றுப் பாடி, அடி அடியாகக் கற்கும் கூடுகை இன்றியமையாததாயிற்று. இவ்விடத்தில் சவேரியாரின் பாடமுறை மீண்டும் உயிர்பெற்றது எனலாம். வேறுபாடு ஒன்றே: கற்பிப்போரும் கற்போரும் இப்போது ஒரே சமூகத்தார்.

சொல்வளமும் இக்கூடுகையின் வழியே மாறியது. ‘பூசை’ திருப்பலியாயிற்று. திண்டிவனம் நடுவத்திலிருந்து 1995இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘சங்கீதம்’ என வழங்கியதைத் ‘திருப்பாடல்’ எனக் குறித்தது. இத்தகைய தனித்தமிழ்ச் சொற்கள் அகராதியைவிடப் பாடலின் வழியாகவே பலருடைய நாவில் பழகின.

ஒலிநாடாவின் வரவு

திருச்சிராப்பள்ளியில் 1977இல் தொடங்கப்பெற்ற கலைக்காவிரி போன்ற நிறுவனங்களின் முயற்சியால் கிறித்துவத் தமிழிசை முறையான பயிற்சியையும் பரந்த வழக்கையும் பெற்றது. ஒலிநாடா வாயிலாக ஒரூரின் பாடல் கடல் கடந்தும் சென்றது. பாடலாசிரியரை நேரிற் காணாத குழுவும் அவர் பாடலைக் கற்க முடிந்தது. இஃது அரும்பேறே.

ஆயின் ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவாகும் பாடலின் இலக்கணம் வேறு. தேர்ந்த தனிக்குரல், நீண்ட இடையிசை, நுண்ணிய கமகம் ஆகியன கேட்போர்க்கு இன்பம் பயப்பன. கூடிப் பாடுவோர்க்கு அவை எட்டாதவை. ஒலிநாடாவே ஆசிரியராகும்போது குழு அதனைப் போலப் பாட விழைகிறது; மக்கள் மீண்டும் கேட்போராகின்றனர். இலத்தீன் காலத்து மௌனத்துக்கு மொழி காரணம். இம்மௌனத்துக்கோ இசையமைப்பின் அருமையே காரணம். மக்கள் வாய்மூடியிருத்தல் இரண்டிலும் ஒன்றே.

மலாயாவும் சிங்கப்பூரும்

இந்நாடுகளில் வினா மேலும் கூர்மை பெறுகிறது. சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுந்த லூர்து அன்னை ஆலயம் 1888இலும், கோலாலம்பூரில் புனித அந்தோனியார் ஆலயம் 1910இலும் திறக்கப்பட்டன. குரு எப்போதேனும் வந்துசென்ற தோட்டப்புறங்களில் உபதேசியாரே செபத்தையும் பாடலையும் நடத்தினார். வழிபாட்டுத்தலமும் தமிழ்ப்பள்ளியும் தமிழ் பேசும் இல்லமும் அருகருகே இருந்த அக்காலத்தில், பாடகர் தமிழைப் பிற இடங்களில் கற்றுக்கொண்டு பாடலுக்கு வந்தனர்.

இன்று அவ்வரிசை தலைகீழாகி வருகிறது. சிங்கப்பூர் இந்தியர் இல்லங்களில் தமிழைவிட ஆங்கிலமே மிகுதியாகப் பேசப்படுவதை 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. மலேசியத் தமிழ்க் கத்தோலிக்க இளையோரிலும் தமிழ்ப்பள்ளி செல்லாதோர் உளர். இத்தகையோரில் சிலர் பாடலின் பொருட்டுத் தமிழிடம் வருகின்றனர். அவர்களுக்கு உரோமன் எழுத்துத் தாள் ஒரு வாயில். ஆனால் அவ்வாயில் குறுகலானது. சீரான மரபின்றி எழுதப்படும் அவ்வெழுத்தில் ‘பாடு’, ‘படு’ என்பன ஒன்றாகத் தோன்றும். ‘வளம்’, ‘வலம்’ என்பனவற்றின் வேறுபாடு மறையும். குறில் நெடில் மயங்கினால் பொருள் மட்டுமன்றித் தாளமும் பிறழும். பாடலின் சீர் அளவைச் சார்ந்தது. தமிழ் எழுத்தில் இலத்தீனைப் பாடிய முன்னோரைப் போலவே, உரோமன் எழுத்தில் தமிழைப் பாடுவோரும் பொருளறியாது ஓசையைச் சுமக்கும் நிலை நேரலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், தமிழ்க் கத்தோலிக்கப் பாடகர் குழுவின் வரலாறு பாடும் உரிமை விரிந்தும் சுருங்கியும் வந்த வரலாறு என்பது பெறப்படும். இலத்தீன் காலத்தில் அது சிலருக்கே உரியதாயிற்று. 1967இன் அறிவுரை அதனை அனைவர்க்கும் திறந்தது. ஒலிப்பதிவுப் பாடல்களைப் போலப் பாடும் விழைவு அதனை மீண்டும் சுருக்கக்கூடும். புலம்பெயர் சூழலில் மொழியறிவே அதன் எல்லையாகிறது.

தமிழாசிரியர் இங்குச் செய்யத்தக்கன சில உள. பாடல் தாளில் உரோமன் வடிவத்துக்கு அருகிலேயே தமிழ் எழுத்தையும் பொருளையும் தருமாறு குழுக்களுக்கு வழிகாட்டலாம். லகர, ளகர, ழகர ஒலிப்பும் குறில் நெடில் வேறுபாடும் பாடற்பயிற்சியில் எளிதில் கைவரும்; வகுப்பறையில் தயங்கும் நா கூட்டுப்பாடலில் தயங்குவதில்லை. மேலும், மூத்த பாடகர்களிடம் எஞ்சியுள்ள கையெழுத்துப் பாடற் குறிப்பேடுகளைத் திரட்டிப் பாதுகாத்தல் பல்கலைக்கழகத் துறைகளின் உடனடிக் கடமையாகும். எந்தப் பாடல் எவ்வூரிலிருந்து வந்தது, எந்தச் சொல் எப்போது மாறியது, எந்த அடிக்கு எவர் குரல் கொடுத்தார் என்பவற்றுக்கு அவ்வேடுகளின் ஓரக் குறிப்புகளே சான்று. அவற்றை எழுதியோர் வாழும்போதே அச்சான்றுகளைப் பொருளோடு படித்தறிய முடியும்.