பள்ளி இடைவேளைக்கு எத்தனை நிமிடம்? உணவின் அளவைக் கூறும் சட்டம், உண்ணும் நேரத்தைக் கூறவில்லை

அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு குழந்தையின் மதிய உணவுக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் ஒதுக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசின் திட்ட விதிமுறை வரையறுக்கிறது. அந்த உணவை உட்கார்ந்து உண்பதற்கு அக்குழந்தைக்கு எத்தனை நிமிடம் தரப்பட வேண்டும் என்பதைக் கல்வி உரிமைச் சட்டமோ, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமோ, அதன்கீழ் 2015-இல் வெளியான மதிய உணவு விதிகளோ வரையறுக்கவில்லை.

பள்ளி இடைவேளை குறித்த விதிகளைத் தேடும் பெற்றோர் பலரும் முதலில் வந்து நிற்கும் இடம் இதுதான். நாடு முழுவதற்கும் பொதுவான 'இடைவேளைச் சட்டம்' என்று ஒன்று கிடையாது. உணவு சார்ந்த உரிமை மத்திய சட்டத்தில் உள்ளது. மணி அடிக்கும் நேரம் மாநிலக் கல்வித் துறையின் உத்தரவில் உள்ளது. இரண்டுக்கும் இடையே உள்ள பகுதி பெரும்பாலும் தலைமையாசிரியரின் கால அட்டவணையில் முடிவாகிறது.

கல்வி உரிமைச் சட்டம் சொல்வது என்ன?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒரு கல்வியாண்டில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை குறைந்தது 200 வேலை நாள்கள், 800 கற்பித்தல் மணி நேரம் தேவை என்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 நாள்கள், 1,000 மணி நேரம். அதாவது, தொடக்க வகுப்புகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி நேரமும், நடுநிலை வகுப்புகளுக்குச் சுமார் நாலரை மணி நேரமும் கற்பித்தல் நடந்தாக வேண்டும்.

சட்டம் பேசுவது கற்பித்தல் நேரத்தைப் பற்றி மட்டுமே. இறைவணக்கம், இடைவேளை, மதிய உணவு ஆகியவற்றுக்குத் தனி நேரம் எதுவும் அதில் ஒதுக்கப்படவில்லை. ஆயினும் இடைவேளைக்குத் தேவையான இடமும் பொருளும் அதே அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. விளையாட்டு மைதானம், மாணவருக்கும் மாணவியருக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், பள்ளியிலேயே உணவு சமைக்கப்படுமானால் சமையலறை, ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுப் பொருள்கள் ஆகியவை கட்டாயம். மைதானத்தைக் கட்டாயமாக்கிய சட்டம், அதில் குழந்தை எப்போது கால் வைக்கலாம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது.

ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றுக்கான குழந்தையின் உரிமையை அதன் 31-ஆவது பிரிவு அங்கீகரிக்கிறது. அந்த உரிமையைப் பள்ளி நாளின் நிமிடக் கணக்காக மாற்றும் விதி மத்திய சட்டங்களில் இடம்பெறவில்லை.

இங்கு ஓர் ஒப்பீடு கவனிக்கத்தக்கது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016-இல் திருத்தப்பட்ட பின்னர், அனுமதிக்கப்பட்ட பணிகளில் ஈடுபடும் 14 முதல் 18 வயது வரையிலான வளரிளம் பருவத்தினருக்குப் பொருந்துகிறது. அவர்களைத் தொடர்ச்சியாக 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அதற்குள் குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு அளிக்க வேண்டும் என்று அதன் 7-ஆவது பிரிவு கூறுகிறது. வயது வந்த ஆலைத் தொழிலாளருக்கு 5 மணி நேரத்துக்குள் அரை மணி நேர இடைவேளை என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. வேலைக்குச் செல்லும் சிறுவனின் ஓய்வுக்குச் சட்டத்தில் எண் உண்டு. பள்ளிக்குச் செல்லும் சிறுவனின் ஓய்வுக்கு இல்லை.

உணவுக்கான உரிமை எப்படி வந்தது?

மதிய உணவைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 1995 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு தேசியத் திட்டத்தைத் தொடங்கியபோது, பல மாநிலங்களில் குழந்தைகளுக்குச் சமைத்த உணவுக்குப் பதிலாகத் தானியமே வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதற்கு நெடுங்காலம் முன்பே, காமராஜர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவும் சமைத்த உணவாகவே நடைமுறையில் இருந்தன.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று பிறப்பித்த இடைக்கால உத்தரவுதான் நாட்டின் பிற பகுதிகளில் நிலையை மாற்றியது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் ஒவ்வொரு குழந்தைக்கும், ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள்கள், 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் வரை புரதமும் கொண்ட சமைத்த உணவு தரப்பட வேண்டும் என்று அந்த உத்தரவு கூறியது. 2004 ஏப்ரலில் பிறப்பிக்கப்பட்ட மற்றோர் உத்தரவு, சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை அளிக்கவும், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் உணவு வழங்கவும் அறிவுறுத்தியது.

நீதிமன்ற உத்தரவாக இருந்ததை 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் சட்ட உரிமையாக்கியது. அதன் 5-ஆவது பிரிவின்படி, அரசு, உள்ளாட்சி மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை உள்ள குழந்தைகளுக்கு, விடுமுறை நாள்கள் தவிர அனைத்து நாள்களிலும் கட்டணமின்றி ஒரு வேளை மதிய உணவு வழங்கப்பட வேண்டும். தொடக்க வகுப்பினருக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம். நடுநிலை வகுப்பினருக்கு 700 கலோரி, 20 கிராம் புரதம் என்பது இப்போதைய அளவு. 2021 முதல் இத்திட்டம் 'பி.எம். போஷன்' என்ற பெயரில் அழைக்கப்படுகிறது. ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் மத்தியச் சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. தமிழ்நாடு, கர்நாடகம் போன்ற மாநிலங்கள் தமது சொந்த நிதியில் அவர்களுக்கும் உணவளிக்கின்றன.

மணி அடிப்பதற்கு முன்பு

பரிமாறுவதற்கு முன்னர் ஓர் ஆசிரியர் உட்பட இரண்டு அல்லது மூன்று பெரியவர்கள் உணவைச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பது திட்ட வழிகாட்டுதல். இது சடங்காகக் கருதப்பட்ட பள்ளிகளும் உண்டு. 2013 ஜூலை 16 அன்று பிகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் உயிரிழந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்தது. அதன் பின்னரே சுவைத்தல் பதிவேடும் பொருள்களைப் பாதுகாப்பாக வைக்கும் முறையும் நாடு முழுவதும் கண்டிப்புடன் பார்க்கப்படத் தொடங்கின.

2015 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட மதிய உணவு விதிகள், உணவைப் பள்ளியில்தான் பரிமாற வேண்டும் என்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகங்களில் மாதிரிகள் பரிசோதிக்கப்பட வேண்டும். திட்ட நிதி தற்காலிகமாகத் தீர்ந்துபோனால், உணவு நின்றுவிடாமல் இருக்கப் பள்ளியில் உள்ள வேறு நிதியைப் பயன்படுத்தத் தலைமையாசிரியருக்கு அதிகாரம் உண்டு. தானியம், சமையல் செலவுத் தொகை, எரிபொருள் ஆகியவை இல்லாமலோ, சமையலர் வராமலோ ஒரு நாள் உணவு வழங்கப்படவில்லை எனில், உரிய தானியமும் சமையல் செலவுத் தொகையும் 'உணவுப் பாதுகாப்புப் படி'யாக அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் குழந்தைக்குச் சேர வேண்டும். தொடர்ந்து 3 பள்ளி நாள்களோ, மாதத்தில் 5 நாள்களோ உணவு தடைபட்டால் மாநில அரசு பொறுப்பானவர்களைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்க வேண்டும்.

உணவு வராமல் போனால் என்ன செய்வது என்பதற்கு இவ்வளவு துல்லியமான விடை உண்டு. உணவு வந்தும் உண்ண நேரமில்லாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு விதிகளில் விடை இல்லை.

அரை மணி நேரத்தில் நடப்பவை

அரசியலமைப்பின் 42-ஆவது திருத்தத்துக்குப் பின்னர் கல்வி பொதுப் பட்டியலில் உள்ளது. பள்ளி தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடைவேளை ஆகியவற்றை மாநில அரசுகளே அறிவிக்கின்றன. உத்தரப் பிரதேசத்தின் தொடக்கக் கல்வித் துறைப் பள்ளிகளுக்கு 2020-இல் வகுக்கப்பட்ட நேர அட்டவணையை எடுத்துக்கொள்ளலாம். கோடைப் பருவத்தில் காலை 8 முதல் பிற்பகல் 2 வரை பள்ளி, இடைவேளை 10.30 முதல் 11 வரை. குளிர்காலத்தில் 9 முதல் 3 வரை. இடைவேளை 12 முதல் 12.30 வரை. இரண்டு பருவத்திலும் அரை மணி நேரம்தான். கோடையில் 'மதிய' உணவு முற்பகலிலேயே முடிந்துவிடுகிறது என்பதும், அதன் பிறகு 3 மணி நேரம் வகுப்பு நீள்கிறது என்பதும் இந்த அட்டவணையிலிருந்தே தெளிவாகும்.

அந்த அரை மணி நேரத்தில் கழிப்பறைக்குச் செல்வது, கை கழுவுவது, வரிசையில் நிற்பது, உண்பது, தட்டைக் கழுவுவது, எஞ்சினால் விளையாடுவது எல்லாம் அடங்க வேண்டும். 300 மாணவர்களும் 6 குழாய்களும் உள்ள ஒரு பள்ளியில், ஒரு குழந்தை கை கழுவ அரை நிமிடம் எடுத்துக்கொண்டால், கடைசிக் குழந்தை கழுவி முடிக்க 25 நிமிடம் ஆகும். மாணவர் எண்ணிக்கைக்கேற்ற சமையலர் வரையறைப்படி அப்பள்ளிக்குக் கிடைப்பவர்கள் நால்வர். முதல் 25 மாணவர்களுக்கு ஒருவர், 100 வரை இருவர், அடுத்த ஒவ்வொரு 100-க்கும் கூடுதலாக ஒருவர் என்பது கணக்கு. சமைத்த கைகளே பரிமாறவும் பாத்திரம் துலக்கவும் வேண்டும். அவர்களுக்கான மாத மதிப்பூதியத்தை மத்திய அரசு 2009-இல் 1,000 ரூபாய் என நிர்ணயித்தது. பல மாநிலங்கள் தம் பங்காகக் கூடுதல் தொகை சேர்த்து வழங்குகின்றன.

ஆகவே இடைவேளையின் உண்மையான நீளத்தைச் சுற்றறிக்கையைவிடக் குழாய்களின் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. வகுப்புவாரியாகப் பத்து நிமிட இடைவெளி விட்டு உணவுக்கு அனுப்பும் முறையைச் சில பள்ளிகள் பின்பற்றுகின்றன. இதற்குக் கூடுதல் செலவு இல்லை.

கற்பித்தல் நேரத்தை உயர்த்த மாநிலங்கள் முயலும்போது இடைவேளையும் விவாதத்துக்கு வருகிறது. கேரளத்தில் 2025-இல் எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை, வெள்ளிக்கிழமை தவிர்த்த நாள்களில் காலையிலும் மாலையிலும் தலா 15 நிமிடம் பள்ளி நேரம் நீட்டிக்கப்பட்டது. தொழுகைக்காக வெள்ளிக்கிழமை நண்பகல் இடைவேளை அங்கு நெடுங்காலமாக நீண்டதாக இருந்து வருகிறது. மதரசா வகுப்புகள் பாதிக்கப்படும் என்று முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அரை மணி நேர மாற்றம்கூட ஒரு மாநிலத்தின் அரசியல் விவாதமாகிவிட முடியும் என்பதற்கு இது சான்று.

அதே கேரளத்தில் 2019-இல் அறிமுகமான 'தண்ணீர் மணி' இத்தகைய எதிர்ப்பு எதையும் சந்திக்கவில்லை. மாணவர்கள் தண்ணீர் குடிப்பதை நினைவூட்டத் தனியாக மணி அடிக்கும் இந்த ஏற்பாட்டைக் கர்நாடகம், தெலங்கானா போன்ற மாநிலங்களும், 2025-இல் தமிழ்நாடும் பின்பற்றின. கழிப்பறை சரியில்லாத பள்ளிகளில் மாணவியர் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கின்றனர் என்ற கவலைக்கு மணி மட்டும் தீர்வாகாது.

இடைவேளையைப் பறிக்கலாமா?

வீட்டுப்பாடம் முடிக்காத மாணவரை இடைவேளையில் வகுப்பிலேயே இருத்தி வைப்பது பல பள்ளிகளில் பழகிப்போன தண்டனை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் ரீதியான தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல், வகுப்பறை, நூலகம், கழிப்பறை உள்ளிட்ட மூடிய இடத்தில் மாணவரை அடைத்து வைப்பதையும் உடல் ரீதியான தண்டனைப் பட்டியலில் சேர்த்துள்ளது. விதியை மீறும் ஆசிரியர் மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம்.

யாரிடம் முறையிடுவது?

அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும் இக்குழுவின் பணிகள். மதிய உணவைக் கண்காணிக்கும் பொறுப்பையும் 2015-ஆம் ஆண்டு விதிகள் இக்குழுவுக்கே அளித்துள்ளன. கூடுதல் குடிநீர்க் குழாய், கை கழுவும் இடம், வகுப்புவாரியான உணவு நேரம் போன்ற கோரிக்கைகளை மேம்பாட்டுத் திட்டத்தில் எழுத்துப்பூர்வமாகச் சேர்க்கலாம்.

அங்கு தீர்வு கிடைக்காவிட்டால், கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆவது பிரிவின்கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்கலாம். அந்த அமைப்பு 3 மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். முடிவில் திருப்தி இல்லையெனில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய வழி உண்டு. உணவு வழங்கப்படாதது தொடர்பான புகார்களுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலரையும் மாநில உணவு ஆணையத்தையும் அணுகலாம்.