அடுக்குமுறையே ஆய்வுமுறை: வார்பர்க் நூலகம் ஆய்வு மையமான வரலாறு

முன்னுரை

துறையிடை ஆய்வு மையம் என்றதும், பல துறைப் பேராசிரியர்கள் ஒரு கூரையின்கீழ்க் கூடிப் பேசும் இடமே நினைவுக்கு வருகிறது. லண்டன் பல்கலைக்கழகத்தின் வார்பர்க் ஆய்வு நிறுவனத்தில் ஆட்கள் கூடுவதற்கு முன்பே நூல்கள் கூடிவிட்டன. ஹாம்பர்கில் ஒருவரின் சொந்த நூலகமாகத் தொடங்கியது, ஆய்வு மையமாகிப் பின் பல்கலைக்கழகத்தின் உறுப்பான வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. நூல்களை அடுக்கிய முறையே அம்மையத்தின் ஆய்வுமுறையை வகுத்தது; அந்த அடுக்கைக் கலையாமல் காக்கும் முயற்சியே அதன் நிறுவன வரலாறாயிற்று என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

மேட ராசியின் கறுத்த மனிதன்

ஆபி வார்பர்க் (1866–1929) ஹாம்பர்க் வங்கிக் குடும்பத்தின் தலைமகன். மூத்த பிள்ளைக்குரிய உரிமையைத் தம்பி மாக்ஸுக்கு விட்டுக்கொடுத்து, கேட்கும் நூல்களையெல்லாம் வாங்கித் தரவேண்டும் என்ற வாக்குறுதியைச் சிறுவயதிலேயே பெற்றார் என்று அக்குடும்பத்தில் ஒரு கதை உண்டு. பழங்காலக் கிரேக்க, ரோமானிய உருவங்கள் எந்த வழியாக, என்னென்ன மாற்றங்களோடு மறுமலர்ச்சிக் காலத்துக்கு வந்து சேர்ந்தன என்பதே அவரை ஆயுள் முழுதும் ஆட்கொண்ட வினா.

1912இல் ரோமில் அவர் ஆற்றிய உரை இந்த வினாவின் வீச்சைக் காட்டியது. ஃபெராரா நகரின் ஸ்கிஃபனோயா அரண்மனைச் சுவர்களில் மாதங்களைக் குறிக்கும் 15ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் உள்ளன. மார்ச் மாதப் பகுதியில், கந்தலான வெள்ளாடையைக் கயிற்றால் இடுப்பில் கட்டிய கறுத்த மனிதன் ஒருவன் நிற்கிறான். கிறித்தவப் புனிதர்களிடையே அவன் இல்லை. ஒலிம்பியத் தெய்வங்களிடையேயும் இல்லை. வார்பர்க் அவனை இந்தியச் சோதிடர் வராகமிகிரரின் பிருகத் ஜாதகம் என்ற நூலில் கண்டார். மேடத்தின் முதல் திரேக்காணத்துக்கு உரியவனாக அந்நூல் சொல்வது, இடையில் வெண்துணி சுற்றி, கோடரி ஏந்திய, செங்கண்ணுடைய கறுத்த ஆளை.

திரேக்காணம் நம் சோதிடர்கள் இன்றும் வழங்கும் சொல். ஒரு ராசியின் 30 பாகையை மூன்றாகப் பகுத்த கூறு. சொல்லின் வேர் கிரேக்கம். கிரேக்க உலகிலிருந்து இந்தியாவுக்கு வந்த அந்த உருவம், 9ஆம் நூற்றாண்டின் அபு மஷர் எழுதிய அரபு நூல்வழி மேற்கே திரும்பி, மொழிபெயர்ப்புகளினூடே ஃபெராராவின் சுவரை அடைந்தது என்பது வார்பர்கின் முடிவு. ஓர் உருவத்துக்கு ஊர்பேர் கண்டுபிடிக்கவே ஓவிய வரலாறும் சோதிடமும் வானியலும் மொழிபெயர்ப்பு வரலாறும் வேண்டியிருந்தன.

அண்டை நூல்

இந்த அனுபவம் அவருடைய நூலக அடுக்கில் பதிந்தது. தேடி வந்த நூலைவிட, அதன் பக்கத்தில் இருக்கும் அறியாத நூலே ஆய்வாளருக்கு உதவக்கூடும் என்று வார்பர்க் நம்பினார். இதை நல்ல அண்டை நூலின் விதி என்பர். அகரவரிசைக்கோ நூலின் அளவுக்கோ அங்கு முதன்மை இல்லை. அவர் எண்ணம் மாறும்போதெல்லாம் நூல்களும் இடம் மாறின. படிமம், சொல், திசையறிதல், செயல் என்ற நான்கு பெரும் பகுப்புகள் பின்னர் நிலைபெற்றன. சமயம், மந்திரம், அறிவியல், தத்துவம் ஆகியவை உலகில் தன் திசையை அறிய மனிதன் செய்த முயற்சிகளாக ஒரே பகுப்பில் சேர்ந்தன.

ஹாம்பர்க் பல்கலைக்கழகம்

1919இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகம் தோன்றியது. அப்போது வார்பர்க் மனநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். 1924 வரை நூலகம் அவருடைய உதவியாளர் பிரிட்ஸ் சாக்ஸலின் பொறுப்பில் இருந்தது. தனியொருவரின் தேடலுக்கு வளர்ந்த சேகரிப்பைப் பொது ஆய்வு மையமாக்கியவர் சாக்ஸல்தான். சொற்பொழிவுகளும் ஆய்வு வெளியீடுகளும் தொடங்கின. அப்பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் காசிரர் 1920இல் முதன்முறை வந்தபோது, இது ஆபத்தான நூலகம், ஒன்று ஒதுங்கிப்போக வேண்டும், இல்லையேல் பல ஆண்டுகள் இதனுள் சிறைப்பட வேண்டும் என்ற கருத்தில் சொன்னாராம். அவர் சிறைப்பட்டார். குறியீட்டு வடிவங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் இந்த அடுக்குகளின் துணையோடு உருவானது. கலை வரலாற்றறிஞர் எர்வின் பனோப்ஸ்கியும் இவ்வட்டத்தில் இணைந்தார். 1926இல் நீள்வட்ட வாசிப்பறையோடு தனிக் கட்டடம் திறக்கப்பட்டது. வாயிலில் பொறித்த சொல், நினைவைக் குறிக்கும் கிரேக்கப் பெயரான நிமோசினி.

லண்டன்

1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர். யூதக் குடும்பத்தின் நூலகத்துக்கும் யூத அறிஞர்களுக்கும் ஹாம்பர்கில் இடமில்லாமல் போயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் ஹெர்மியா, ஜெசிகா என்ற இரு சிறு கப்பல்களில் 531 பெட்டிகள் லண்டனுக்குப் புறப்பட்டன. சாக்ஸலும் அவருடைய உடன்பணியாளர் கெர்ட்ரூட் பிங்கும் அங்கே அடுக்கை மீண்டும் எழுப்பினர். 1944இல் அறக்கட்டளைப் பத்திரம் ஒன்றின்வழி நிறுவனம் லண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தனி அலகாக அதைப் பேணும் கடமையைப் பல்கலைக்கழகம் ஏற்றது. பின்னாளில் பிரான்சிஸ் யேட்ஸின் நினைவுக்கலை ஆய்வும், இயக்குநராயிருந்த எர்ன்ஸ்ட் கோம்பிரிச்சின் கலை உளவியல் ஆய்வும் இங்கு செழித்தன.

அந்தப் பத்திரத்தின் பொருளைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கும் நிறுவனத்தின் ஆதரவாளர்களுக்கும் எழுந்த வழக்கு, 2014இல் இங்கிலாந்து உயர்நீதிமன்றம் வரை சென்றது. பல்கலைக்கழகம் நிறுவனத்தைப் பேணவும் அதற்கு நிதி வழங்கவும் கடமைப்பட்டது என்று தீர்ப்பாயிற்று.

முடிவுரை

கேள்வி அடுக்கையும், அடுக்கு அறிஞர் வட்டத்தையும், வட்டம் நிறுவனத்தையும் உருவாக்கிய வரிசை இவ்வரலாற்றில் தெளிவாகிறது. லண்டன் பல்கலைக்கழகம் கடைசியில் வந்து, ஏற்கெனவே வளர்ந்திருந்ததற்குச் சட்டக் காப்பு தந்தது. வழக்கமான துறை நூலகங்களில் அந்தக் கறுத்த மனிதனின் ஓவியம் ஒரு கட்டடத்திலும், வராகமிகிரர் இன்னொன்றிலும், அபு மஷர் மற்றொன்றிலும் இருந்திருப்பார்கள். அவர்களை அண்டை வீட்டாராக வைத்திருப்பதற்கே இரு கப்பல்களும் ஒரு பத்திரமும் ஒரு தீர்ப்பும் தேவைப்பட்டன.